சுயம்புவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

என் மனைவி சௌதாமினிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘பதினேழாம் நாள்’. அவள் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு தைரியம் இஞ்சிவிளையிலிருந்து பாறசாலை வரை எவருக்கும் கிடையாது. எனக்குத்தான் காதில் விழும். "நேசையன் ஸாரே, பதினேழாம் நாள் சௌக்கியமா?" என்று ஸ்டாஃப் ரூமில் கூட வேலை பார்க்கும் வாத்தியார்களே கேட்பார்கள். நான் தமிழ் வாத்தியார். திட்டுவதற்கு என்னிடம் நல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் சிரித்துவிடுவேன். பெயர் அவ்வளவு பொருத்தம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மரணம் என்றால் பதினாறு நாளைக்கு அது வீடாகவே இருக்காது. ஜங்ஷனிலிருந்து வாசல்வரை கறுப்புக் கொடி, முற்றத்தில் தார்ப்பாய், தார்ப்பாய்க்குக் கீழே வாடகை நாற்காலி, நாற்காலி நிறையச் சித்தப்பாமார். அடுப்படியில் யாராவது சாயா போட்டுக்கொண்டே இருப்பார்கள். பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் எழுந்து, எத்தனை டம்ளர் சாயா போடுவது என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நிற்கும். சௌதாமினி அப்போதுதான் போவாள். கிறிஸ்தவ வீடானால் நாற்பதாம் நாள் ஜெபம் கழிந்து போவாள்.

எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை அவளுக்குச் சொல்வது செல்லையன். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். அவனுடைய ஷெட் எங்கள் வீட்டுக்கு எதிரேதான். "அக்கா, தனுவச்சபுரத்துல இருந்து நாப்பது கசேர வந்தாச்சு" என்று ரோட்டிலிருந்தே குரல் கொடுப்பான். நாற்காலி திரும்பி வந்தால் அங்கே ஆள் ஒழிந்தது என்று அர்த்தம். அவள் உடனே சேலை மாற்றுவாள். நான் ஸ்கூட்டரைத் துடைப்பேன். மற்ற வாத்தியார்கள் சனி ஞாயிறுகளில் ட்யூஷன் எடுத்தார்கள், இல்லாவிட்டால் ரப்பர் நட்டார்கள். நான் பத்து வருஷம் துக்க வீட்டு முற்றங்களில் நின்றேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்தும் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கலாம்.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்றால், பிரியாணியில்தான். தொண்ணூற்று மூன்றில் சபைப் பெண்கள் சங்கம் நெய்யாற்றின்கரையில் பத்து நாள் கவுன்சலிங் வகுப்பு நடத்தியது. துக்கத்தில் இருப்பவர்களை எப்படித் தேற்றுவது என்று பாடம். அப்போது சௌதாமினி காரக்கோணம் பக்கத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்டு லீவு போட்டாள். இதை அவளே ஒத்துக்கொள்வாள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மையார் பாதி மலையாளமும் பாதி இங்கிலீஷுமாக வகுப்பெடுத்தார். கால்முட்டு எதிரே இருப்பவரைப் பார்த்து இருக்க வேண்டும், தலையை மெல்ல ஆட்ட வேண்டும், இடையிடையே "எனக்குப் புரிகிறது" என்று சொல்ல வேண்டும். பத்தாம் நாள் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதை லாமினேட் செய்து இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

முதல் வீடு பெஞ்சாதியை இழந்த ஒரு ரிட்டையர்டு பட்டாளக்காரருடையது. சௌதாமினி கால்முட்டைத் திருப்பினாள், தலையை ஆட்டினாள், "எனக்குப் புரியுது அண்ணா" என்றாள். அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். "ஒங்க மாப்பிள்ள அன்னா ஸ்கூட்டர் தொடச்சிட்டு நிக்காரு. ஒங்களுக்கு என்னத்த புரியும்?" என்று கேட்டார். அவள் வெளியே வந்து என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! நான் உயிரோடு இருந்ததுதான் குற்றம் என்பதுபோல் இருந்தது. அந்த வாக்கியத்தை அவள் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

அவளுடைய சொந்த முறை பிறந்தது எங்கள் ஹெட்மாஸ்டர் வீட்டில். பெரிய மனிதர், கண்டிப்பானவர், அவர் வராந்தாவில் நடந்தால் மரத்தில் காக்காயே கரையாது. அவர் காலமானபோது இரங்கல் கூட்டத்தில் நானே நாற்பது நிமிஷம் பேசினேன். அவருடைய மனைவி சத்யபாமா அம்மா, அவரும் டீச்சர்தான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லைப்போல் உட்கார்ந்திருந்தார். பதினேழாம் நாள் சௌதாமினி போனபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். சௌதாமினிக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"டீச்சரே, எல்லாரும் ஸாருக்க பெரும சொல்லியாச்சு. அவருக்க கொணத்துல ஒங்களுக்குப் புடிக்காதது என்னவாக்கும்? ஒண்ணு சொல்லுங்க."

சத்யபாமா அம்மா திடுக்கிட்டார். வாசலைப் பார்த்தார், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மீன்கறி வச்சா நான் முள்ளு எடுத்துக் குடுக்கணும். அம்பத்தெட்டு வயசு ஹெட்மாஸ்டருக்கு! முள்ளு எடுக்கல்லேன்னா சோத்தத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சௌதாமினியும் சிரித்தாள். முற்றத்தில் ஜன்னலோரம் நின்ற நானும் சிரித்தேன். எங்கள் எல்லாரையும் நடுங்க வைத்த மனிதர் அல்லவா! சிரிப்புக்கு நடுவில் அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "இன்னைக்கு அறியாம அயல மீன எடுத்து முள்ளு களஞ்சிட்டேன் சௌதாமினி. ஆருக்க பாத்திரத்துல வைக்க?" என்று அழ ஆரம்பித்தார். பதினேழு நாளில் முதல் அழுகை அது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து பெரிய விஞ்ஞானி போல எனக்கு விளக்கினாள். செத்தவரைப் பற்றி எல்லாரும் நல்லதே சொல்லச் சொல்ல, அவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். குற்றத்தோடுதான் ஒரு ஆள் நம்முடைய ஆள். குற்றத்தைச் சொன்னால் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார், அப்புறம்தான் அழ முடியும். "எனக்க குற்றம்?" என்று கேட்டேன். "அது ரெண்டு நோட்டு நெறய உண்டு. நீங்க தைரியமாட்டுப் போலாம்" என்றாள்.

அப்புறம் மூன்று வருஷம் அந்தக் கேள்வி எங்கேயும் தவறவில்லை. மலையாளத்தில் கேட்க வேண்டிய வீட்டில் மலையாளத்தில் கேட்பாள், தமிழில் கேட்க வேண்டிய வீட்டில் தமிழில். குறட்டை விட்டவர்கள், பல் தேய்க்காமல் சாயா குடித்தவர்கள், மாமியார் வீட்டுக்கு வந்தால் மட்டும் தலைவலி வந்தவர்கள் என்று எத்தனையோ பேரின் குற்றங்கள் எங்கள் ஸ்கூட்டரில் ஏறி வந்தன. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. என் மனைவி யார் தெரியுமா என்ற நடையில் பள்ளிக்கூடத்தில் நடந்தேன். அவளுக்கும் ஏறியிருந்தது. இல்லாவிட்டால் தொண்ணூற்று ஆறில் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

சாராயக் கடைகளை அடைத்த வருஷம் அது. ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், பிந்து என்று ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். பத்தொன்பது வயது, பாறசாலையில் ஒரு தையல் கடையில் வேலை, வீடு ஆரியங்கோட்டில். அவளுடைய அப்பா சுயம்பு ரப்பர் வெட்டுகிறவர். ஈரல் கெட்டுப்போய் இறந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் சீட்டு எழுத வந்தது அண்டியாபீஸில் முந்திரி உடைக்கும் அம்மா ஸ்ரீகுமாரிக்கு.

"அம்மா பாயில இருந்து எந்திரிக்கல்ல மாமி. கஞ்சிவெள்ளம் ரெண்டு வாயி, அதோட செரி. அண்டியாபீஸுல இருந்து ரெண்டு தடவ ஆளு வந்து விளிச்சாச்சு. அம்மா பேசவே செய்யல்ல. பொறவு... அழவும் இல்ல."

டாக்டர் அன்றைக்கே போய்ப் பார்த்து டிரிப் போட்டார். இப்படியே போனால் இன்னும் ஒரு மாசம் தாங்காது என்று சௌதாமினியிடம் தனியாகச் சொன்னார். அப்பா போய் ஒரு மாசத்தில் அம்மாவும் போனால் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? சௌதாமினி அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். பெனடிக்‌ஷன் என்கிற கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்முன் வெளியே வந்ததற்கு நான்தான் பாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். செல்லையனின் ஷெட்டுக்கு அங்கிருந்து நாற்காலி எதுவும் திரும்பி வரவில்லை, ஏனென்றால் போகவே இல்லை. வழியில் கறுப்புக் கொடியின் கிழிசல்கூட இல்லை. சுவரில் மாலை போட்ட படம் இல்லை. ஸ்ரீகுமாரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். சௌதாமினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைத் தடவி, தன்னுடைய புகழ்பெற்ற கேள்வியை எடுத்து விட்டாள்.

"அக்கா, அவருக்க கொணத்துல ஒங்களுக்குப் புடிக்காத காரியம் ஒண்ணு சொல்லுங்க."

அத்தனை நாளாக எழாத பெண் எழுந்து உட்கார்ந்தாள். "நீயும் வந்தியா?" என்றாள். அதுதான் அவள் ஒரு மாசத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. "எல்லாரும் சொல்லித் தீத்தாச்சு. இனி என்ன வேணும் ஒங்களுக்கு? எறங்கு! எறங்கு எனக்க வீட்ட விட்டு!" சௌதாமினியின் ஹாண்ட்பேக் முற்றத்தில் என் காலடியில் வந்து விழுந்தது. பின்னால் ஒரு செருப்பு. மற்றச் செருப்பைப் பிந்து ஓடி வந்து கொடுத்தாள்.

தனுவச்சபுரம் தாண்டும்வரை என் மனைவி வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் ஸ்கூட்டரில் வந்தது கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், பின்னால் இருக்கிறாளா என்று.

மறுநாள் கிளினிக்கில் பிந்து மன்னிப்புக் கேட்க வந்தபோது எல்லாம் தெரிந்தது. சுயம்பு குடித்தார், அடித்தார், ரோட்டில் விழுந்து கிடந்தார், இருந்த நாலு சொந்தக்காரரோடும் சண்டை போட்டார். செத்ததும் ஸ்ரீகுமாரியின் அண்ணன் சதாசிவன் வந்து பத்து ஆளை வைத்துக் காரியத்தை ஒரே நாளில் முடித்துவிட்டார். கொடி வேண்டாம், கசேரை வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் பத்திரிகையில் தபால் தலை அளவு ஒரு படமாவது வந்துவிடும். வராவிட்டால் அந்த ஆள் வாழவே இல்லை என்று அர்த்தம். பதினாறு நாளும் வந்தவர்கள் ஸ்ரீகுமாரியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சல்லியம் தீந்து மக்கா. இனியாவது நீ நிம்மதியாட்டு இரி." ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். நிம்மதி வந்துவிட்டது என்று ஊரே சொல்லும்போது அவள் எந்த முகத்தோடு அழுவாள்?

"நான் அங்க போயி குற்றம் கேட்டிருக்கேன்" என்று சௌதாமினி சாயங்காலம் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். "குற்றத்துல முங்கிக் கெடக்குறவகிட்ட." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "அவளுக்கு வேண்டியது ஒரு நல்ல வார்த்த. ஒரே ஒரு ஆளு, சுயம்பு நல்ல காரியம் ஒண்ணு செஞ்சான்னு சொல்லணும். அது கெடச்சா அவ அழுவா. ஓண லீவுதானே, வண்டிய எடுங்க."

அப்படி ஆரம்பித்தது எங்கள் ஓணம். ஊரில் எல்லாரும் பூக்களம் போட, நாங்கள் இருவரும் சுயம்புவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை தேடி ஆரியங்கோட்டுக்கும் பாறசாலைக்கும் நடுவில் அலைந்தோம்.

ரப்பர் தோட்ட முதலாளி முதலில் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "மரத்துக்கு மனுஷனவிடப் பொறும உண்டு. அதுனால அவன் இங்க பதினாலு வருஷம் வேல செஞ்சான்" என்றார். கோயில் கமிட்டிச் செயலாளர் யோசிக்கவே இல்லை. "உற்சவத்துக்கு வந்தான்னா செண்டக்காரங்கிட்ட அடிபிடி கூடாமப் போகமாட்டான். ஒரு வருஷம் வரல்ல. அது நல்ல காரியமாக்கும், எழுதிக்கோங்க." பார்பர் ஷாப்பில் கொஞ்சம் நம்பிக்கை கிடைத்தது. "முடி வெட்ட இருந்தா ஒறங்கிருவான். ஒறங்கும்போ ஒரு தொந்தரவும் கெடையாது, பச்சப் பிள்ளதான்" என்றார் பார்பர்.

"இது போதாதா?" என்று கேட்டேன்.

"ஒறங்கும்போ நல்லவன்னு போய்ச் சொன்னா இந்தத் தடவ ரெண்டு செருப்பும் சேந்து வரும்" என்றாள்.

கள்ளு ஷாப்பில்தான் பெரிய கூத்து. நான் வெளியே நிற்கிறேன் என்றேன். யாராவது மாணவனின் தகப்பன் என்னைப் பார்த்துவிட்டால் மானம் போகும். அவள் நேராக உள்ளே போய்விட்டாள். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, பைபிள் வகுப்பு எடுக்க வந்தவளைப் போல நடுவில் நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் குப்பியைப் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். வாசலில் எட்டிப் பார்த்தேன். என் மாணவர்களின் தகப்பன்மார் அத்தனை பேரும் உள்ளேதான் இருந்தார்கள். "ஸாரே, வணக்கம்" என்று நாலு பேர் சொன்னார்கள்.

"சுயம்பு அண்ணன் இங்க வருவாருல்லா? அவரப் பத்தி நல்லதாட்டு ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாட்டுப் பாடுவான்" என்றார் ஒருவர்.

"நல்லாப் பாடுவாரா?"

"இல்ல" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் சதாசிவனிடமே போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, பாயசம் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "நல்ல காரியம் ஒண்ணு செஞ்சான். செத்தான்" என்றார். நான் பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கெட்ட மனிதரில்லை அவர். சுயம்பு உடைத்த கைக்குக் கட்டுப் போடத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்கும் சொல்ல வேறு என்ன இருக்கும்?

ஆறு நாளில் இருபத்தொரு பேர். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டுத் திண்டாட்டம் வேறு. ஓணத்துக்குப் போட்ட நேந்திரங்காய் வறுவலை நானே காவலில்லாமல் தின்று தீர்த்திருந்தேன், அதற்கும் ஏச்சு. நான் ஒரு யோசனை சொன்னேன். "பேசாம ஒரு பொய் சொன்னா என்ன? ஆத்துல விழுந்த பிள்ளையக் காப்பாத்தினாருன்னு சொல்லு. ஆரு போயி விசாரிக்கப் போறா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "இருவத்தி மூணு வருஷம் அவரு கூடக் கெடந்தவளாக்கும் அவ. ஆத்துல எறங்குவாரா மாட்டாரான்னு அவளுக்குத் தெரியாதா? பொய் சொன்னா, நெஜத்துல ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்."

"பின்ன என்ன செய்யப் போற?"

"தெரியல்ல" என்றாள். பயந்துபோயிருந்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. அன்று காலைதான் பிந்து சொல்லி அனுப்பியிருந்தாள், அம்மா கஞ்சிவெள்ளத்தையும் நிறுத்திவிட்டாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். முற்றத்தில் ஒரு பிலாமரம் நின்றது. அதன் மூட்டில் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். அங்கிருந்து உள்ளே எல்லாம் தெரியும், கேட்கும். பிந்து கதவோரத்தில் நின்றாள். ஸ்ரீகுமாரி போன வாரம் கிடந்த அதே கிடையில், சுவரைப் பார்த்துக் கிடந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். சௌதாமினி இந்தத் தடவை பக்கத்தில் போகவில்லை. வாசற்படிக்கு உட்புறம் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் அன்னைக்குக் கேட்டது தப்பு. மன்னிக்கணும்" என்றாள். "அதுக்குப் பரிகாரமாட்டு அண்ணனப் பத்தி ஒரு நல்ல வார்த்த கொண்டு வரணும்னு நெனச்சு நடந்தேன். இருவத்தோரு பேரக் கேட்டேன். ஒண்ணும் கெடைக்கல்ல. பொய் சொல்ல மனசு வரல்ல. வெறுங்கையோட வந்திருக்கேன்."

ஒரு கோழி உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. நான் போகலாம் என்று சைகை காட்டக் கையைத் தூக்கினேன்.

"இருவத்தோரு பேரா?" என்று சுவரிடமிருந்து குரல் வந்தது.

"ஆமா அக்கா."

"ஆரெல்லாம்?"

சௌதாமினி ஒவ்வொருவராகச் சொன்னாள். முதலாளி, செயலாளர், பார்பர், கள்ளு ஷாப்பில் பன்னிரண்டு பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்து பேர். ஸ்ரீகுமாரி மெதுவாகத் திரும்பினாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். "கள்ளு ஷாப்புலயா கேட்ட? அவனுவளுக்கு என்ன தெரியும்! முதலாளிக்கு என்ன தெரியும்!" குரல் உயர்ந்துகொண்டே போனது. "ஒருத்தன்கூடவா ஒண்ணும் சொல்லல்ல? எனக்க அண்ணன்?"

"அண்ணனும் சொல்லல்ல."

"ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது" என்று கத்தினாள். அவ்வளவு கோபம் அந்த எலும்புக்கூட்டில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியும். கேளு. பிந்துவுக்கு முன்ன எனக்கு ஒரு பிள்ள. ஆண்பிள்ள. பொறக்கும்போ உசிரில்ல. நான் ஆஸ்பத்திரியில போதமில்லாமக் கெடக்கேன். அவராக்கும் பிள்ளைய வாங்கிட்டு வீட்டுக்கு வந்தது. தோர்த்துத் துண்டுல பொதிஞ்சு, நெஞ்சோட சேத்து, பஸ்ஸுல. செத்த பிள்ளைன்னு தெரிஞ்சா ஏத்தமாட்டானில்லா. பக்கத்துல இருந்த ஒருத்தி கேட்டாளாம், பிள்ளைக்கு எத்தன நாளுன்னு. இன்னைக்குத்தான் பொறந்ததுன்னு சொன்னாராம். நல்லா ஒறங்குதேன்னு அவ சொன்னாளாம். ஆமா, சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தாராம். அன்னா, அந்தப் பிலா மூட்டுலதான் குழி எடுத்து வச்சாரு."

நான் ஸ்கூட்டரைத் தள்ளி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கண் நிறைந்து வழி தெரியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் குடிகாரனுக்காக நானும் அழுதேன்.

"கள்ளம் சொல்லக்கூடாது. அதுக்கு முன்னையும் குடிப்பாரு, பொறவும் குடிச்சாரு. அடிச்சாரு" என்றாள் ஸ்ரீகுமாரி. கோபம் வடிந்து குரல் தாழ்ந்துவிட்டது. "ஆனா வருஷத்துல அந்த ஒரு நாளு மட்டும் குடிக்கமாட்டாரு. வெட்டுக்கும் போகமாட்டாரு. மரத்து மூட்ட செத்திச் சுத்தமாக்குவாரு. பொறவு நான் பக்கத்துல போயி இருப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசமாட்டோம். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச நாளாக்கும் அது. வேற ஒரு மனுஷனுக்குத் தெரியாது." அவள் பிலாமரத்தைப் பார்த்தாள். "இனி எனக்க பிள்ள பொறந்தத அறிஞ்ச ஒரு ஆளு எனக்கு இல்லையே!"

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நான் எத்தனையோ வீடுகளின் முற்றத்தில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. சௌதாமினி கால்முட்டைத் திருப்பவில்லை, தலையை ஆட்டவில்லை, "எனக்குப் புரியுது" என்று சொல்லவில்லை. வாசலோரம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தானும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிந்துவை எல்லாரும் மறந்துவிட்டோம். தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவள் வந்து அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"எந்த நாளும்மா?" என்று கேட்டாள்.

"துலாம் மாசம் பத்தொம்பது."

பிந்து அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்ரீகுமாரி மகளின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அன்னைக்கு அவரு வேலைக்குப் போகமாட்டாரு மக்கா" என்றாள். "நீயும் கடையில லீவு சொல்லிரு."

"சொல்லுகேன்ம்மா" என்றாள் பிந்து.